எரிவாயு அடுப்பு: பற்றாமையும் பரிகாரமும்

இல்லறத்திற்கு அடுப்பே அச்சாணி. விறகடுப்பும் மண்ணெண்ணெய் அடுப்பும் எரிந்த குசினிகள் பலவற்றில் இன்று எரிவாயு அடுப்பு இடம்பெற்றுள்ளது. குமிழை அழுத்தித் திருப்பியதும், நெருப்புக்குச்சியின் உதவியின்றியே சுடர் எழுகின்றது. எழாதவிடத்து நம்மிற் பலர் செய்வது யாது? மீட்டும் மீட்டும் திருப்புதலும், பின்னர்ச் சலித்து நெருப்புக்குச்சியைக் கிழித்து நீட்டுதலுமேயாம். இடையிற் கழிந்த ஒவ்வொரு கணமும் வாயு வெளியே சிந்திக்கொண்டிருந்தது என்பதை நினைப்பார் சிலரே. ஆதலின், பற்றாமையின் காரணங்களை முறையே ஆராய்வாம்.

தீ உண்டாதற்கு எரிபொருள், காற்று, பற்றவைக்கும் வெப்பம் ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டும். பண்டைத் தமிழர் மரத்தை மரத்தாற் கடைந்து தீயைப் பிறப்பித்தனர். அதற்குரிய கோலை ஞெலிகோல் என்றனர். இன்றைய அடுப்பில் அத்தொழிலைச் செய்வது மின்பொறி. 1880 ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டினரான ஜாக் கியூரி, பியேர் கியூரி என்னும் சகோதரர், சிலவகைப் பளிங்குகளை அழுத்தும்போது அவற்றில் மின்னேற்றம் தோன்றுதலைக் கண்டறிந்தனர். பற்றரியில்லாத அடுப்பிலே, குமிழின் பின்னுள்ள சிறு சுத்தியல் அத்தகைய இயல்புடைய துண்டொன்றைத் தட்டுகின்றது. உடனே பல்லாயிரம் வோல்ற்று மின்னழுத்தம் பிறந்து, மின்முனைக்கும் பேர்னருக்கும் இடையேயுள்ள சில மில்லிமீற்றர் வெளியைப் பொறியாய்ப் பாய்ந்து கடக்கின்றது. வேறு சில அடுப்புகளில் 1.5 வோல்ற்றுப் பற்றரியோ வீட்டு மின்சாரமோ பொறிக்கு மூலமாகும்.

அடுப்புப் பற்றாவிடின் முதலில் எழுப்பவேண்டிய வினா ஒன்றே: பொறி எழுகின்றதா, இல்லையா? சிலிண்டரின் றெகுலேற்றரை மூடி, யன்னல்களைத் திறந்து, சில நிமிடங்கள் கழிந்தபின், முகத்தை விலக்கி நின்று குமிழைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும்.

பொறி எழவில்லையாயின், பற்றரி அடுப்பில் எல்லாப் பேர்னர்களும் ஒருங்கே பொறியற்று நிற்கின்றனவா என நோக்குக. அங்ஙனமாயின் பற்றரியை மாற்றுதலே முதற்பரிகாரம். ஒன்றில் மட்டும் பொறியில்லையாயின், குறை அதன் மின்முனையிலேயே உளது எனலாம். பால் பொங்கி வழிந்தாலும், கஞ்சி சிந்தினாலும், கழுவிய நீர் எஞ்சினாலும், மின்முனையைச் சூழ்ந்த பீங்கான் நனைந்து, மின்சாரம் பொறியாகாமல் ஈரத்தின் வழியே ஒழுகிவிடும். அடுப்பு ஆறியபின் உலர்ந்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுதல் போதும். பீங்கான் வெடித்திருந்தாற் பொறி வேறிடத்திற் பாயும்; அப்போது புதியது பொருத்தத் தொழில் அறிந்தவரை அழைத்தல் வேண்டும்.

பொறி எழுந்தும் சுடர் பற்றவில்லையாயின், வாயு வந்து சேரவில்லை என்பது வெளிப்படை. எல்லாப் பேர்னர்களிலும் இக்குறை இருப்பின், சிலிண்டர் தீர்ந்திருக்கலாம். அன்றி றெகுலேற்றர் திறவாதிருக்கலாம். ஒன்றில் மட்டுமாயின், அதன் துவாரங்கள் அடைபட்டிருக்கும். அல்லது மூடி இடம்பெயர்ந்திருக்கும். பழைய பற்தூரிகையாலும் சவர்க்கார நீராலும் கழுவி, முற்றும் உலர்த்தி, மூடியை அதற்குரிய பள்ளத்திற் சரியாகப் பொருத்துக. துவாரங்களை ஊசியாற் குத்திப் பெரிதாக்கலாகாது.

சுடர் பற்றியும், குமிழை விட்டவுடன் அணைவது மூன்றாம் வகை. சில அடுப்புகளிற் சுடரின் வெப்பத்தை உணர்ந்து வாயுவழியைத் திறந்துவைக்கும் சிறு கோல் ஒன்று உண்டு. அது சூடேறுமளவும் சில விநாடிகள் குமிழை அழுத்திப் பிடித்தல் வேண்டும். அதன்பின்னும் அணையுமாயின், அக்கோலிற் படிந்த கரியைத் துடைத்துவிடுக.

நிற்க. இவையனைத்திலும் முதன்மையானது உயிர்க்காப்பு. புரொப்பேன் காற்றினும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கும், பியூற்றேன் இரண்டு மடங்கும் பாரமானவை. ஆதலின் கசியும் வாயு மேலெழுந்து போகாது, நிலத்தோடு படிந்து கிடக்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்களவு கலந்தாலே தீப்பற்றப் போதும். இயல்பில் மணமற்ற அவ்வாயுவிற்குத் துர்நாற்றம் ஊட்டப்படுவது நம்மை எச்சரிக்கவே. எனவே, மூன்று நான்கு விநாடிகளுட் பற்றாவிடின் குமிழை மூடி, மணம் நீங்கும்வரை பொறுத்திருந்து, பின்னரே மீள முயலல் வேண்டும். நாற்றம் மிகுந்திருப்பின் மின்ஆளி எதனையும் போடவோ அணைக்கவோ கூடாது. சிலிண்டரை மூடி, கதவுகளைத் திறந்து, வீட்டிலுள்ளாரை வெளியேற்றுக. கசிவைத் தேடத் தீக்குச்சி பிடித்தல் பெருந்தவறு. மூட்டுகளிற் சவர்க்கார நீரைத் தடவினாற் குமிழிகள் கசிவைக் காட்டிவிடும்.

2021 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இலங்கையின் பல இல்லங்களில் எரிவாயு தொடர்பான வெடிப்புகள் நேர்ந்ததும், சிலிண்டரிலுள்ள வாயுக்களின் விகிதம் நாடெங்கும் பேசப்பட்டதும் யாவரும் அறிந்ததே. வாயுவின் கலவை நம் ஆட்சிக்கு உட்பட்டதன்று; குழாயையும் மூட்டையும் சோதித்தல் நம் ஆட்சிக்கு உட்பட்டது. குசினி பெண்டிர்க்கே உரியதென ஒதுங்கி நிற்கும் ஆடவரும், றெகுலேற்றர் எங்குளது, எப்பக்கம் திருப்பினால் அது மூடும் என்பவற்றையேனும் இன்றே அறிந்துகொள்வாராக. ஆபத்து நேரும் வேளை அதனைக் கற்கும் வேளையன்று.