ஃபைல் ஏன் பெருக்குது? எப்போ சுருக்கலாம்?



அச்சாபீஸ், பட்டாசு ஆபீஸ்களில் ஆர்டர், கூலிக் கணக்கை மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் ஃபைலில் வைத்திருப்பவர்கள் உண்டு. 1992-ல் வந்த மென்பொருள் அது. எல்லா அட்டவணையும் ஒரே ஃபைலுக்குள் அடங்கும். ஆனால் அந்த ஃபைல் 2 ஜிபி-க்கு மேல் வளர முடியாது.

பழைய ஆர்டரை அழித்தால் ஃபைல் சின்னதாகணுமே? ஆகாது! பேரேட்டில் ஒரு வரியை அடித்துவிட்டால் நோட்டு மெலியுமா? அதே கதைதான். அடித்த வரிகளை விட்டுவிட்டு, நல்ல வரிகளை மட்டும் புது நோட்டில் எழுதுவது போன்றதுதான் ‘கம்பாக்ட்’. ‘டேட்டாபேஸ் டூல்ஸ்’ பகுதியில் ‘கம்பாக்ட் அண்ட் ரிப்பேர்’ என்று இருக்கும்.

எப்போது செய்யலாம்?
1. தீபாவளி முடிந்து பழைய ஆர்டர்களை மொத்தமாக நீக்கிய பிறகு.
2. எக்செல்லில் இருந்து நிறையத் தகவல் ஏற்றி, தற்காலிக அட்டவணைகளை அழித்த பிறகு.
3. சேர்த்த தகவல் கொஞ்சமாக இருந்தும் ஃபைல் ஊதிக்கொண்டே போனால்.

எப்போது கூடாது?
1. வேறு யாராவது அதே ஃபைலைத் திறந்திருக்கும்போது. பக்கத்திலேயே ‘எல்ஏசிசிடிபி’ (பழைய வகையில் ‘எல்டிபி’) என்று முடியும் குட்டி ஃபைல் தெரிந்தால், யாரோ உள்ளே இருக்கலாம்.
2. யுபிஎஸ் இல்லாமல் கரண்ட் போய்ப் போய் வரும்போது.
3. டிஸ்க்கில் இடம் இல்லாதபோது. புது நகல் எழுத இடம் வேணுமே!

எல்லாவற்றுக்கும் முன்னால், ஃபைலை வேறு இடத்தில் நகல் எடுக்கணும். ‘ரிப்பேர்’ என்ற பெயரை நம்பிவிடக் கூடாது. கெட்டுப்போன அட்டவணையைச் சரி செய்யும்போது சில தகவல்களை அது வெட்டிவிடவும் கூடும்.

எங்க சித்தி காலண்டருக்கு டின் அடிக்கிற வேலைக்குப் போறாங்க. எத்தனை அடித்தார்களோ அத்தனைக்குத்தான் கூலி. ஒரு சனிக்கிழமை அந்த ஆபீஸில் கரண்ட் போய் ஃபைல் கெட்டது. நகல் எடுக்காமலே ரிப்பேர் கொடுத்தார்கள். ஃபைல் திறந்தது, ஆனால் இரண்டு நாள் கணக்கைக் காணோம்! அக்காமார் தங்கள் குறிப்பு நோட்டில் எழுதி வைத்திருந்ததால் கூலி கிடைத்தது. எழுதாதவர்கள் என்ன செய்வார்கள்?

அதனால் வரிசையை மறக்காதீங்க: எல்லாரும் ஃபைலை மூடணும், நகல் எடுக்கணும், பிறகு கம்பாக்ட். கடைசியாகத் திறந்து, மொத்தக் கணக்கு பழையபடி வருகிறதா என்று பார்த்த பிறகும் அந்த நகலை அழிக்க வேண்டாம். அது ஃபைல் மட்டுமல்ல, பலபேர் வீட்டுக் கூலி!

– பிளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவு