ரான்சிட்: சிக்கு வாடைக்கு ஒரு ஆங்கிலச் சொல்

ரான்சிட் என்பது எண்ணெய், நெய், வெண்ணெய், நிலக்கடலை போன்ற கொழுப்புள்ள பொருள்கள் நாள்பட்டுக் கெடும்போது வரும் வாடையையும் சுவையையும் குறிக்கும் ஆங்கிலப் பெயரடை. வீட்டில் ‘சிக்கு வாடை’, ‘காறல்’ என்று சொல்வது இதைத்தான். துர்நாற்றமுள்ள என்று பொருள்படும் ‘ரான்சிடஸ்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இதன் பெயர்ச்சொல் ரான்சிடிட்டி.

காரணம்

2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாயை எடுத்துக்கொள்வோம். நிலக்கடலையின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த எண்ணெயுடன் வினைபுரியும்போது சிக்கு வாடை பிறக்கிறது. வெயிலும் வெளிச்சமும் அதை விரைவுபடுத்தும். அதனால்தான் கடலை மிட்டாயைக் காற்றுப் புகாமல் கட்டி வைக்கிறோம். சிப்ஸ் பாக்கெட்டில் நைட்ரஜன் நிரப்புவதும் இதற்கே. நல்லெண்ணெயில் இயற்கையாகவே ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதால் அது எளிதில் சிக்குப் பிடிப்பதில்லை.

பயன்பாடு

‘தி ஆயில் ஹேஸ் கான் ரான்சிட்’ என்றால் எண்ணெய் சிக்குப் பிடித்துவிட்டது என்று பொருள். இந்த இடத்தில் மாணவர்கள் பலர் ‘ராட்டன்’ என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு:

- ராட்டன்: அழுகிய முட்டை, பழம்
- சவர்: புளித்த பால்
- ஸ்டேல்: பழைய ரொட்டி, பன்
- மஸ்டி: ஈரம்பட்டுப் பூசணம் பிடித்த வாடை
- ஸ்மெல்லி, ஸ்டிங்கி: எந்தக் கெட்ட வாடைக்கும் பொதுவான பேச்சுச் சொற்கள்

வேறுபாடு ஏன் முக்கியம்?

நிலக்கடலை ரான்சிட் ஆகவும் கெடலாம், மஸ்டி ஆகவும் கெடலாம். இரண்டும் ஒன்றல்ல. சிக்குப் பிடித்த கடலை வாயில் வைத்ததும் காறும், நாமே துப்பிவிடுவோம். பூசணம் பிடித்த கடலையிலோ அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு இருக்கக்கூடும். அது கல்லீரலைத் தாக்கும். வறுத்தாலும் முழுமையாகப் போகாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. அவற்றுக்குத் தீவனமாகப் போட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூசண நச்சே காரணம் எனப் பின்னர் தெரிந்தது.

ஆகவே கடலையில் ஈர வாடையோ பூசணமோ தென்பட்டால் கழுவியோ வறுத்தோ தின்னக் கூடாது. மாட்டுக்கும் போடக் கூடாது. கொட்டிவிட வேண்டும்.