எழுபது வளைவு வேண்டாம், ஜவ்வாது போதும்

சென்னை சைக்கிள்காரர்களுக்கு இயற்கை வைத்த குறை மலைதான். பரங்கிமலை இருக்கிறதே என்று கேட்கலாம். உயரம் சுமார் முந்நூறு அடி. மூச்சு வாங்கத் தொடங்குவதற்குள் உச்சி வந்துவிடும். ஏற்றம் பழக ஆசைப்படுகிறவர்கள் வேறு வழியில்லாமல் விடிகாலையில் ஏதாவதொரு மேம்பாலத்தைப் பிடித்து அதிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு ஏதோ வேண்டுதல் போலத் தோன்றும்.

மற்றவர்களுக்குக் கடற்கரை. கலங்கரை விளக்கத்தில் தொடங்கி நொச்சிக்குப்பம் வழியாகப் பட்டினப்பாக்கம் போகும் லூப் சாலையில் ஐந்து மணிக்கெல்லாம் சைக்கிள்களின் சிவப்பு விளக்குகள் வரிசையாக மினுக்கிக்கொண்டு நகரும். அடையாறு, திருவான்மியூர், கிழக்குக் கடற்கரைச் சாலை, மாமல்லபுரம், திரும்பி வீடு. போகவர நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். பாதை முழுக்கத் தட்டை.

இந்தப் பாதையில் எதிரி காற்று. நொச்சிக்குப்பத்து மீனவர் கரையில் நின்றபடியே இது வாடை, இது கொண்டல், இது கச்சான் என்று சொல்லிவிடுவார். சைக்கிள்காரருக்கு அந்தப் பாடத்தைத் தொடைதான் நடத்துகிறது. கார்த்திகை, மார்கழியில் வடகிழக்கிலிருந்து வீசும் வாடை, மாமல்லபுரம் போகும்போது முதுகைத் தள்ளிவிடும். நாம் என்னமோ வீரர் என்று நினைத்துக்கொள்வோம். திரும்பும்போது அத்தனையும் வட்டியோடு வசூலாகும்.

மலையில் கணக்கே வேறு. சமதளத்தில் வேகமாகப் போகும்போது உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே போய்விடுகிறது. ஏற்றத்தில் காற்று ஒதுங்கிக்கொண்டு எடை முன்னால் வந்து நிற்கிறது. 70 கிலோ ஆள், 10 கிலோ சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த 80 கிலோவை 600 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 470 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஓரளவு பழகிய கால்கள் தொடர்ந்து 150 வாட் கொடுக்கும் என்றால் 52 நிமிடம். உராய்வையும் சேர்த்தால் ஒரு மணி நேரத்தை நெருங்கும். ஏழு சதவீத ஏற்றத்தில் வேகம் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர்தான். அந்த வேகத்தில் முகத்தில் காற்றுப் படாது, வியர்வை காயாது. கீழே சாலையில் தாங்கிக்கொண்ட அதே வெயில் ஏற்றத்தில் கொளுத்துவது இதனால்தான்.

கியர் எதற்கு என்பதும் இங்கேதான் விளங்கும். முன்னால் 34 பல், பின்னால் 32 பல் என்று போட்டால் ஒருமுறை மிதிக்கும்போது சைக்கிள் இரண்டேகால் மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 67 மிதி மிதித்தால் அந்த ஒன்பது கிலோமீட்டர் வேகம் கிடைத்துவிடும். கியர் இல்லாத நம் ஊர்ச் சைக்கிளில் ஒரு மிதிக்கு ஐந்து மீட்டருக்கு மேல் போகும். அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு முப்பது மிதிகூட வராது, ஒவ்வொரு மிதிக்கும் உடம்பின் மொத்த எடையையும் பெடலில் ஏற்ற வேண்டியிருக்கும். 2005 முதல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் விலையில்லாச் சைக்கிள் வருகிறதே, அதுவும் ஒற்றை கியர்தான். மலையூர்ப் பிள்ளைகள் அதை ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போவதும் இறக்கத்தில் பறந்து வருவதும் சோம்பலால் அல்ல. அந்த வண்டியில் அதுதான் சரியான முறை.

சரி, எந்த மலை? இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. நம் ஊரில் மலைப்பாதையைக் கொண்டை ஊசி வளைவின் எண்ணிக்கையால் அளக்கிறார்கள். கொல்லிமலைக்கு 70, வால்பாறைக்கு 40, கல்லட்டிக்கு 36, ஏற்காட்டுக்கு 20, ஏலகிரிக்கு 14. எண்ணிக்கை கூடக்கூடப் பெயர் பரவுகிறது, பெயர் பரவினால் வண்டி பெருகுகிறது. கொல்லிமலையில் காரவள்ளி தாண்டி ஏறுவது எந்தச் சைக்கிள்காரருக்கும் கனவுதான். ஆனால் விடுமுறை நாளில் அந்த எழுபதாம் வளைவில் படம் எடுக்கப் போகிற மோட்டார் பைக்குகளுக்கு நடுவே ஏறினால், உச்சியில் ஞாபகத்தில் நிற்பது சைலன்சர் சத்தம் மட்டும்தான்.

ஏலகிரி சென்னைக்காரர்களின் முதல் மலை. ஜோலார்பேட்டை வரை ரயில், பொன்னேரியில் ஏற்றம் ஆரம்பம். அதன் பதினான்கு வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். பிரான்ஸில் ஆல்ப் துவெஸ் ஏற்றத்தில் 21 வளைவு. அங்கே ஒவ்வொன்றிலும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் அந்த மலையில் வென்றவர்களின் பெயர். 1952ல் முதன்முறையாக அங்கே வென்ற இத்தாலியர் ஃபாஸ்தோ கோப்பியின் பெயரும் உண்டு. அவர்கள் மிதித்தவரை எழுதுகிறார்கள், நாம் கொடுத்தவரை எழுதுகிறோம். எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் தொடையில் தீப்பிடித்த நிலையில் பாரியின் பெயர்ப்பலகையைப் பார்த்தால் நமக்கும் ஒரு தேர் கிடைக்காதா என்றுதான் தோன்றும்.

நீலகிரி தனி உலகம். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி சாலை, 2008ல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரிஸ் சைக்கிள் பயணத்தால் நாடெங்கும் சைக்கிள்காரர்களுக்குப் பரிச்சயம். அங்கே ஏறி முடித்தவர் அதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது வேண்டாத வேலை.

என் ஓட்டு ஜவ்வாது மலைக்கு. ஏலகிரிக்கு எதிரிலேயே கிடக்கிறது. ஏலகிரியைவிடப் பல மடங்கு பெரியது, திருப்பத்தூர், திருவண்ணாமலை, வேலூர் என்று மூன்று மாவட்டங்களில் படுத்திருக்கிறது. ஆனாலும் ஏலகிரிக்குப் போகிற கூட்டத்தில் ஒரு பங்குகூட இங்கே வருவதில்லை. விளம்பரப்படுத்த இங்கே வளைவுக் கணக்கு இல்லை, வரிசையாக ரிசார்ட் இல்லை, கடைத்தெரு என்று சொல்லும்படி ஜமுனாமரத்தூரைத் தவிர அதிகம் எதுவும் இல்லை. சைக்கிளுக்கு இதைவிட நல்ல சிபாரிசு வேறென்ன வேண்டும்?

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் போய், ஊரைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் சாலை மெதுவாகத் தலையைத் தூக்கும். இந்த ஏற்றத்தில் கியரைக் குறைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தபடியே போகலாம். பேச முடியாமல் மூச்சு இரைத்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். புதிதாக வருகிறவர் எல்லோரும் முதல் இரண்டு கிலோமீட்டரில் செய்கிற தவறு அதுதான். பிறகு கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். இருபுறமும் இலையுதிர் காடு. மாசியில் வந்தால் பாதி மரம் மொட்டையாக நிற்கும், நிழலை நம்ப முடியாது. எனவே மழை ஓய்ந்த மார்கழியும் தையும்தான் இங்கே பருவம். சித்திரை, வைகாசியில் வேலூர் வட்டாரத்து வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். அப்போது யாராவது கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

வழியில் காவலூர். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 700 மீட்டர். ஊர் விளக்குகள் எட்டாத இருட்டைத் தேடிய வானியலாளர் வைணு பாப்பு, 1960களின் கடைசியில் இந்த இடத்தில் தொலைநோக்கியை நிறுவினார். 1977ல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டறிந்தபோது, அதைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1986ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. இப்போது ஆய்வகத்துக்கே அவர் பெயர்தான். சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு பழைய உறவு உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792ல் வேலையைத் தொடங்கிய வானாய்வகம் 1899ல் கொடைக்கானலுக்குப் போய்விட்டது. அந்த வழியில் வந்தவர்கள்தான் காவலூரிலும் இருக்கிறார்கள். சென்னைச் சமவெளியை விட்டு மலையேறியதில் நாம் முதல் ஆள் இல்லை.

காவலூரைத் தாண்டினால் ஜமுனாமரத்தூர் வரை மேலும் கீழுமாக நெளிந்து போகும் சாலை. உண்மையான சுகம் இந்தப் பகுதியில்தான். நீண்ட ஏற்றமும் இல்லை, நீண்ட இறக்கமும் இல்லை. சாமை வயல், பலா மரம், சின்னச் சின்ன ஊர்கள், எப்போதாவது ஒரு பேருந்து. செயின் சத்தம் காதில் விழுகிற அளவுக்கு அமைதி. இங்கே வாழ்கிறவர்கள் மலையாளி என்று பெயர் பெற்ற பழங்குடி மக்கள், கேரளத்தவர் அல்லர். சாமையும் தேனும் புளியும் அவர்களின் பிழைப்பு. டீக்கடையில் ஒரு பெரியவர் என் சைக்கிளின் விலையைக் கேட்டுவிட்டு, "அதுல ரெண்டு பைக் வாங்கலாமே தம்பி, எதுக்கு மிதிக்கிறீங்க?" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை. டீ நன்றாக இருந்தது.

இந்தச் சாலை நமக்காகப் போட்டது அல்ல என்பதை இறக்கத்தில் மறக்கக் கூடாது. ஒரு திருப்பத்தில் தானியம் பரப்பிக் காயவைத்திருக்கும், அடுத்ததில் மாடு படுத்திருக்கும். மணியடித்து விரட்டுவதற்கு நமக்கு உரிமை ஏதும் இல்லை. லூப் சாலையிலும் இதே கதைதான். அங்கே மீன்கடைகளால் போக்குவரத்து நெரிசல் என்று 2023ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, மீனவர்கள் தங்கள் பிழைப்பைச் சொன்னார்கள், 2024ல் புதிய மீன் அங்காடி திறந்தார்கள். சாலை போகிறவர்களுக்கா, அதன் ஓரத்தில் வாழ்கிறவர்களுக்கா என்ற கேள்வியில் நான் எப்போதும் இரண்டாவது கட்சி. சைக்கிளில் போவதால் வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

போளூர்ப் பக்கம் இறங்குகிறவர்கள் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே போக வேண்டாம். ரிம் பிரேக் வைத்த சைக்கிளில் ரிம் சூடேறி டியூபே வெடிக்கலாம். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள். முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். எதிரே ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. பேருந்து ஓட்டுநர் வளைவில் ஹாரன் அடிப்பது உங்களைத் திட்டுவதற்காக அல்ல.

சென்னையிலிருந்தே மிதித்துப் போகலாமா என்று கேட்பார்கள். வாணியம்பாடிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். நெடுந்தூர சைக்கிள்காரர்கள் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கும் 'பிரெவே' தூரம் அது. கால் தாங்கும். லாரிகளோடு அந்தத் தேசிய நெடுஞ்சாலையில் அத்தனை நேரம் போக மனம் தாங்க வேண்டுமே. ரயிலில் லக்கேஜாக எழுதி ஏற்றிவிட்டு ஜோலார்பேட்டையில் இறங்குவது உத்தமம்.

பஞ்சருக்குத் தயாராகப் போங்கள். கீழே ஊர்ச் சைக்கிள் கடைகளில் பஞ்சர் ஒட்டக் கைதேர்ந்தவர்கள் உண்டு. ஆனால் பந்தய சைக்கிளின் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு அவர்களின் பம்ப் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு டியூப், இரண்டு பாட்டில் தண்ணீர், கொஞ்சம் உப்பும் வேண்டும். அப்படியும் வண்டி கைவிட்டால், ஜமுனாமரத்தூரிலிருந்து கீழே போகும் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை டீக்கடையில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கடைசிப் பேருந்து கிளம்பிய பிறகு கேட்டுப் பயனில்லை.