வெயிலில் முரண்டு பிடிக்கும் பழைய மகிழுந்து

அக்கினி நட்சத்திர நாளொன்றில், உடல்நலம் குன்றிய என் உம்மாவை அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு மருத்துவத்திற்காக அழைத்துவந்தோம். வாப்பாவின் அம்பாசிடர் குறையின்றி ஓடியது. சேரன்மாதேவியில் பத்து நிமிடம் நிறுத்தினோம். பின்பு வண்டி கிளம்ப மறுத்தது. பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்துப் பாட்டரியையும் தீர்த்துவிட்டேன்.

1950களின் இறுதி முதல் 2014 வரை உற்பத்தியான அம்பாசிடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில், கார்புரேட்டரும் சூடான புகைபோக்கியும் ஒரே பக்கத்தில் அமைந்தவை. ஓடும்போது விசிறிக்காற்றும், பாய்ந்துவரும் பெட்ரோலும் வெப்பத்தைத் தணிக்கின்றன. நிறுத்தியதும் இவ்விரண்டும் நின்றுவிட, எஞ்சினின் வெப்பம் மேலெழுந்து கார்புரேட்டரைத் தாக்குகிறது. பெட்ரோலோ ஏறத்தாழ 40 டிகிரி செல்சியசிலேயே ஆவியாகத் தொடங்கும் இயல்பினது.

எனவே குறையை வரிசையாக ஆராய்தல் வேண்டும். முதலாவது, ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுழன்றால் பாட்டரியையும் அதன் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். இரண்டாவது, பெட்ரோல் நெடி மிகுந்தால் கார்புரேட்டர் வழிந்திருக்கிறது எனலாம். வெளியே கசிவு இல்லையென உறுதிசெய்து, சோக்கை இழுக்காமல், ஆக்சிலேட்டரை ஒரேயடியாக முழுதும் அழுத்தியபடி ஸ்டார்ட் செய்க. மூன்றாவது, நெடியே இல்லையேல் பெட்ரோல் வரும் வழியை ஆவி அடைத்திருக்கக்கூடும். பானட்டைத் திறந்து, ஏசி பம்பின்மேல் ஈரத்துணியிட்டுக் காத்திருத்தல் நலம். மின்கருவிகளில் நீர் படலாகாது. நான்காவது, குளிர்ந்தபோது நன்றாயிருக்கும் தீப்பொறி சூட்டில் மட்டும் மங்கினால், காயிலையோ கண்டென்சரையோ ஐயுற வேண்டும்.

கார்புரேட்டருக்கும் புகைபோக்கிக்கும் இடையே வெப்பத்தடுப்புத் தகடு பொருத்துவதும், பெட்ரோல் குழாயைச் சூட்டிலிருந்து விலக்கி அமைப்பதும், மிதவை மட்டத்தைச் சரிசெய்வதும் நிலையான தீர்வுகள். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர்க் குழாய்கள் விரைவில் நைந்துபோகலாம். சூடான எஞ்சினருகே கசியும் ஒரு துளியும் தீவிபத்துக்கு வித்தாகும். அவற்றை உடனே மாற்றுதல் கடமை.

அன்று தேநீர்க்கடைப் பெரியவர் ஒருவர் வந்து, "தம்பி, அதை மிதிக்காதீங்க, கொஞ்சம் ஆறட்டும்" என்று சொல்லிப் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றினார். அரைமணி கழித்து நால்வர் தள்ள, வண்டி கிளம்பியது. அதுவரை உம்மா வேப்பமர நிழலில் நோவோடு காத்திருந்தார். காரணம் அறிந்திருந்தால், பாட்டரியாவது மிஞ்சியிருக்கும். உம்மாவின் காத்திருப்பும் குறைந்திருக்கும். வண்டி வைத்திருப்போர் அதன் இயல்பையும் அறிந்திருத்தல், அதில் ஏறுவோருக்குச் செய்யும் உதவியாகும்.