உங்களுக்குத் தெரியுமா? வலி போகும் வழி

நிலைப்படியில் கால் விரலை இடித்துக்கொண்டால் வலி இரண்டு தடவை வருகிறது. முதலில் சுரீரென்று ஒரு குத்தல். சற்றுக் கழித்து விண்விண்ணென்று தெறிப்பு. குத்தலைக் கொண்டுபோகும் நரம்பிழைகளுக்கு மெல்லிய கொழுப்புறை உண்டு. அதனால் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை வேகம். தெறிப்பைச் சுமப்பவை உறையில்லாத இழைகள்; நொடிக்கு 2 மீட்டர் போனாலே அதிகம்.

இடித்த இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி மட்டுப்படுவது பிரமை அல்ல. தொடுதலைச் சொல்லும் தடித்த நரம்புகள், தண்டுவடத்திலேயே வலிச் செய்தியை அடக்குகின்றன. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 1965இல் சொன்னது இது. பிசியோதெரபியில் தோலில் மின்முனைகளை ஒட்டி மின்துடிப்பு தருவதும் இந்த அடிப்படையில்தான்.

மிளகாயின் காரம் சுவையில் சேராது. ஏறக்குறைய 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணரும் அதே புரதத்தைத்தான் மிளகாயில் உள்ள கேப்சைசின் கிளப்பிவிடுகிறது. 1997இல் இதைக் காட்டிய டேவிட் ஜூலியஸ் 2021ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆஸ்பிரின் மூளைக்குப் போய் வலியைத் தேடுவதில்லை. காயம்பட்ட இடத்தில் நரம்பைக் கூசவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கிறது. பல் பிடுங்குமுன் போடும் மரத்துப்போகும் ஊசி, நரம்புக்குள் சோடியம் நுழையும் வழியையே அடைக்கிறது. செய்தி மேலே போவதேயில்லை.

மார்ஃபின் போன்ற பொருளை நம் உடம்பே சுரக்கிறது. 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் பன்றியின் மூளையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். 1978இல் கலிபோர்னியாவில் இன்னும் வியப்பான ஒன்று தெரிந்தது. ஞானப்பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு வலிமருந்தே இல்லாத வெற்று மருந்தைக் கொடுத்தார்கள். சிலருக்கு வலி குறைந்தது. பிறகு அவர்களுக்கு மார்ஃபினை முறிக்கும் நலாக்சோனைச் செலுத்தியதும் வலி ஏறிவிட்டது! அவர்களுடைய எதிர்பார்ப்பு, உடம்பின் சொந்த வலிமருந்தைச் சுரக்க வைத்திருக்கிறது. வெற்று ஊசிக்கே வலி போய்விட்டதே, எல்லாம் நடிப்பு என்று நோயாளியைப் பழிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பேச்சு தவறு மட்டுமல்ல, கொடுமையும்கூட.

வலியே அறியாமல் பிறப்பவர்களும் உண்டு. அப்படிப்பட்ட பாகிஸ்தான் பிள்ளைகள் சிலரைப் பற்றி 2006இல் ஆய்வு வெளியானது. சொந்த உதட்டையும் நாக்கையும் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டவர்கள். எலும்பு முறிந்தது தெரியாமல் இருந்தவர்கள். வலி நரம்புகளில் இருக்கும் ஒரு சோடியம் வழி அவர்களுக்கு வேலை செய்யவில்லை. அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு வழியை மட்டும் அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற வலி மாத்திரைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அது மார்ஃபின் வகையைச் சேர்ந்ததல்ல.