‘தோட்டாவை நானே செய்துக்கறேன்’: கறம்பக்குடியில் இது நடக்குமா?

இப்படி வைத்துக்கொள்வோம். நீங்கள் கறம்பக்குடிக்காரர். கிரீன் கார்டோடு எட்டு வருஷம் டெக்சாஸில் இருந்தீர்கள். சனிக்கிழமை ஆனால் சுடுதளம். ராத்திரி கராஜில் உட்கார்ந்து காலித் தோட்டாக்களில் மறுபடி மருந்து நிரப்புவது. நாலைந்து கைத்துப்பாக்கிகளும் சேர்ந்துவிட்டன. இப்போது அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்கே வந்தாச்சு. விட்ட பொழுதுபோக்கை இங்கே தொடரலாமா?

சுருக்கமான பதில்: துப்பாக்கிக்காவது வழி உண்டு, தோட்டா நிரப்ப வழி இல்லை. பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். துப்பாக்கிதானே ஆபத்து, தோட்டாவில் என்ன இருக்கு என்று நினைப்பு.

ஒரு தோட்டாவில் நாலு பொருள்: பித்தளைக் கூடு, அடியில் பொறி கொடுக்கும் பிரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. சுட்ட பிறகு கூடு மட்டும் மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து, புது பிரைமர் பொருத்தி, மருந்தை அளந்து போட்டு, குண்டை அழுத்தி மூடினால் மறுபடி தோட்டா. இதற்கு மேசையில் பொருத்தும் பிரஸ் உண்டு. காசு மிச்சம், அளவு துல்லியம், மணிக்கணக்கில் மனசு ஒன்றும் வேலை என்று அங்கே லட்சக்கணக்கானவர்கள் செய்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு என்றால் அமெரிக்க மத்திய அரசின் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் கவனம் சிதறி ஒரே கூட்டில் இரண்டு தடவை மருந்து விழுந்தால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும்.

இந்தியாவில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் ‘வெடிபொருள்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் தோட்டாவின் பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரமும்கூட அடக்கம். அதாவது மேசையில் இருக்கும் அந்த பிரஸ், சட்டத்தின் கண்ணுக்குத் தோட்டா மாதிரிதான். உங்களிடம் இருக்கும் துப்பாக்கி லைசென்ஸ் வைத்துக்கொள்ளத்தான், தயாரிக்க அல்ல. தயாரிப்புக்கு 5-வது பிரிவில் தனி உரிமம் வேண்டும். அது இல்லாமல் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. லைசென்ஸ் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு. எது பெரிய குற்றம் என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

நம்ம பக்கம் கையால் மருந்து நிரப்பும் பழக்கமே இருந்ததில்லையா என்றால், இருந்தது. நரிக்குறவர்களின் நாட்டுத் துப்பாக்கி அதுதான். குழல் வாய் வழியாகக் கருமருந்தைப் போட்டு, நாரை அடைத்து, கம்பியால் கிட்டித்து, ஈய ரவையைக் கொட்டி, பின்னால் கேப்பு மாட்டுவது. ஒவ்வொரு வேட்டுக்கும் இதே வேலை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டையே குற்றமானது. டெக்சாஸ்காரருக்குப் பொழுதுபோக்கு, இவர்களுக்குப் பிழைப்பு. இழப்பு யாருக்குப் பெரிசு என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, சேகரிப்பு? அதே 2019 திருத்தம், ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தது. இரண்டை வைத்துக்கொண்டு சேகரிப்பு என்று சொல்வது கொஞ்சம் ஓவர். அதிலும் 9 எம்.எம். தடை செய்யப்பட்ட ரகம். பெரும்பாலும் கிடைப்பது பாயின்ட் 32 ரகம். கான்பூரில் 2014-ல் பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ ரிவால்வர் வந்ததே, அதுவும் இந்த ரகம்தான். அறிமுக விலை 1,22,360 ரூபாய்.

சேகரிப்பாளருக்கு ஒரு சின்ன ஜன்னல் மட்டும் திறந்திருக்கிறது. பழுது பார்த்தாலும் சுடவே முடியாத பழங்கால ஆயுதத்துக்கு ஆயுதச் சட்டம் பொருந்தாது என்கிறது 45-வது பிரிவு. 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம், அரும்பொருள் வகையில் வரும் சிறு ஆயுதங்களை வாங்கவும் வைத்திருக்கவும் இந்தியக் குடிமக்களுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றது. சுட, எடுத்துச் செல்ல வேண்டும் என்றால் லைசென்ஸ் கட்டாயம். அதில் பதியாத துப்பாக்கிக்குத் தோட்டாவும் கிடைக்காது.

அப்பாவோ தாத்தாவோ வைத்திருந்த துப்பாக்கி வீட்டு பீரோவில் இருந்தால்? லைசென்ஸ்தாரர் இறந்ததும் அது உங்களுடையது ஆகிவிடாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்ற முறையில் கலெக்டரிடம் விண்ணப்பிக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போதே மாற்றலாம்: அவருக்கு 70 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது 25 வருஷம் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்க வேண்டும். இதை முன்னாலேயே செய்துவிட்டால் நிறைய அலைச்சல் மிச்சம்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்பவர்கள் நார்த்தாமலையை நினைத்துக்கொள்ளலாம். 2021 டிசம்பர் 30-ல் பசுமலைப்பட்டி சுடுதளத்தில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது, தளத்துக்கு வெளியே வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ல் அவன் இறந்துபோனான். பயிற்சி பெற்றவர்கள், சுடுவதற்கென்றே ஒதுக்கிய இடம். அங்கேயே அப்படி.

சுடுவதுதான் ஆசை என்றால் நம்ம மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. புதுக்கோட்டை மன்னர் குடும்பத்து பிரித்விராஜ் தொண்டைமான், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிராப் அணிப் பிரிவில் தங்கம் வாங்கினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஆடினார். திருச்சி ரைஃபிள் கிளப்பில் 2022 ஜூலையில் நடந்த மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித் வந்தபோது கூடிய கூட்டம் பலருக்கு ஞாபகம் இருக்கும். கிளப் வழியாகப் போனால் கதவு கொஞ்சம் அகலம்: சர்வதேசப் பதக்கம் வென்றவர்கள் கூடுதலாக 12 துப்பாக்கி வரை வைத்திருக்கலாம். ஆரம்பிப்பவருக்கு ஏர் கன் போதும். பாயின்ட் 177 ரகத்தில், 20 ஜூலுக்கு மிகாத வேகசக்தி என்றால் லைசென்ஸே வேண்டாம்.

பிரஸ்ஸை அங்கேயே விற்றுவிடுங்கள். இன்னொன்று, சுடுதளத்துக்குக் கொண்டுபோன பையிலேயே துணி அடுக்கி ஊருக்கு வருபவர்கள் உண்டு. ஓரத்தில் கிடக்கும் ஒற்றைத் தோட்டா விமான நிலைய ஸ்கேனரில் மாட்டும். தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று 1972-லேயே உச்ச நீதிமன்றம் குன்வந்த்லால் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் ‘தெரியாது’ என்று நிரூபிக்கக் கோர்ட்டுக்கு அலைய வேண்டியது நீங்கள்தான். கிளம்பும் முன் பையின் ஜிப் எல்லாவற்றையும் திறந்து, கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள்.