இலையில் எழுதிய கோடு

மீஞ்சூரை அடுத்த வள்ளூரில், அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும் தொலைவில் தக்காளி பயிரிடும் நண்பர் ஒருவர் அண்மையில் ஓர் இலையுடன் என்னிடம் வந்தார். இலை நெடுக வளைந்து நெளிந்த வெண்கோடுகள். கடைக்காரர் சொன்னபடி இருமுறை மருந்து தெளித்த பின்னரும் கோடுகள் பெருகின என்பதே அவர் கவலை. மூன்றாம் முறைக்குக் கடன் வாங்க எண்ணியிருந்தார்.

பூச்சியியல் என் துறையன்று. ஆனால், அறியாமைக்கு நாம் கொடுக்கும் விலையைக் கணக்கிடுவது என் துறைதான்.

தக்காளி இலையின் இரு தோல்களுக்கு இடையே குடைந்து வாழ்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று, 1990-களின் தொடக்கத்தில் இந்தியாவில் பரவிய லிரியோமைசா என்னும் சிறு ஈயின் புழு. மற்றொன்று, தென் அமெரிக்காவிலிருந்து பல நாடுகளைக் கடந்து 2014-இல் மகாராஷ்டிரத்தில் கண்டறியப்பட்ட டூட்டா என்னும் அந்துப்பூச்சியின் புழு.

இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வேறுபாடு புலப்படும். ஈயின் புழு பாம்புபோல் நெளிந்த கோடிடும். புழு வளர வளரக் கோடும் அகலும். அதற்குக் காலும் இல்லை, தனித்த தலையும் இல்லை. டூட்டா புழுவுக்குக் கருநிறத் தலையும் கால்களும் உண்டு. அது குடைந்த இடம் கோடாக நில்லாமல் திட்டாக விரியும். இலையோடு நில்லாமல் காயையும் துளைப்பதால், பெரிதும் அஞ்சத்தக்கது இதுவே.

ஈயின் புழுவை இயற்கையிலேயே சிறு குளவிகள் அழிக்கின்றன. கண்மூடித் தெளிக்கும் மருந்தில் குளவிகள் மடிகின்றன. இலைக்குள் இருக்கும் புழுவோ பெரும்பாலும் தப்பிவிடுகிறது. கோடுகள் பெருகியதன் காரணம் இதுவாகவே இருக்கக்கூடும். நாற்றுப் பருவம் கடந்த செடியில் அடியிலைகள் சில கோடுபட்டாலும் விளைச்சல் பெரிதாகக் குறைவதில்லை. டூட்டாவாயின் தாமதிக்கலாகாது, தாக்குண்ட இலையையும் காயையும் அகற்றி அழித்து, இனக்கவர்ச்சிப் பொறி வைக்க வேண்டும்.

சேதத்தின் மதிப்பு தடுப்புச் செலவை எட்டும் வேளையில்தான் செலவிடுவது தகும் என்னும் 'பொருளாதாரச் சேத நிலை' கோட்பாட்டை, கலிபோர்னிய அறிஞர்கள் 1959-இலேயே வகுத்தனர். பூச்சி எது என்று அறியாமல் அந்தக் கணக்கைத் தொடங்கவே இயலாது. மருந்து விற்பவரே அறிவுரையும் கூறும் சந்தையில், அடையாளம் காணும் அறிவு உழவர் கையில் இருப்பதே பாதுகாப்பு. ஐயம் எழுந்தால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையோ, திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ இலையுடன் நாடலாம்.

நண்பரின் இலையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தோம். காலற்ற புழுவே இருந்தது. அவர் கடன் வாங்கவில்லை.